வெள்ளைக்காரி எடுத்த பூப்பொட்டலம்

சேலத்து வெயிலில் கம்பளி ஓவர்கோட்டு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பேராசிரியராகத்தான் இருக்கும். ஃபேர்லேண்ட்ஸில் அவர் வீட்டு முன்னறையில், கண்ணாடி பீரோவுக்குள், அந்தச் சாம்பல் நிறக் கோட்டு ஹேங்கரில் தொங்கும். பையில் அந்துருண்டை. ஒரு கோடைக்காலம் ஐரோப்பாவில் சமுதாய மேம்பாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தாராம். கோடைக்காலத்துக்கு எதற்கய்யா ஓவர்கோட்டு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்டர்னல் மார்க் போயிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் நாமக்கல் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். நிலக்கடலை, சோளம், இரண்டு எருமை, கிணற்றில் பாதி நாள் தண்ணீர், மீதி நாள் பாறை. சேலத்தில் சமூக அறிவியல் எம்.ஏ. சேர்ந்தேன். படித்து முடித்தால் வெளிநாட்டு நிறுவனங்களில் கிராம மேம்பாட்டு வேலை கிடைக்கும், ஆப்பிரிக்கா வரைக்கும் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு, பைத்தியம் பிடித்தவள்போல் அலைந்தேன். அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன்.

"என்ன உத்தியோகம் அம்மிணி அது?"

"கிராமத்துக்குப் போயி மக்களோட பேசறதுங்கப்பா."

"பேசறதுக்கா சம்பளம்?"

"ஆமாங்க. வெளிநாட்டுக்காரங்க குடுப்பாங்க."

"நாங்க இங்க நாள் முச்சூடும் பேசிக்கிட்டுத்தான இருக்கறோம். ஒருத்தனும் ஒரு டீ வாங்கிக் குடுக்கக் காணோமே!"

சிரித்துவிட்டுப் பணம் கட்டினார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலையை எம்.ஏ. முடிகிற வரை ஒத்திவைத்தார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. பேராசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார். உள்ளே 'கிராமம்' என்று எழுதுவார். வெளியே ஒரு புள்ளி வைப்பார். அது நாமாம். புள்ளியிலிருந்து வட்டத்துக்குள் ஓர் அம்பு இழுத்து, "மெதுவாக நுழைய வேண்டும்" என்பார். நான் பிறந்ததே அந்த வட்டத்துக்குள். என்னையும் புள்ளியோடு வெளியே நிறுத்தி, மெதுவாக நுழையச் சொன்னார். கிராமம் என்பது ஒரே மனம், ஒரே குரல் என்றார். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள், பெற்ற தகப்பன் சாவுக்கே ஆளுக்கொரு வாசல் வழியாக வந்துபோனதைப் பார்த்தவள் நான். ஒரே குரலாம், மண்ணாங்கட்டி! ஆனாலும் அப்படியே எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது.

என்னோடு படித்தவர்களில் மெட்ராஸ்காரன் ஒருவன் இருந்தான். கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும். கிராமத்தோடு கலந்துவிட வேண்டும் என்று செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடப்பான். நெருஞ்சி முள் குத்தியதும் மறுபடி மாட்டிக்கொள்வான். ஒரு வீட்டில் களி கொடுத்தார்கள். களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். இவன் அதை அரைமணி நேரம் மென்றான். அந்த வீட்டு அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். இவனோ வகுப்பில் வந்து, உணவை நிதானமாக உண்பது இம்மக்களின் பண்பாடு என்று கட்டுரை வாசித்தான். பேராசிரியர் கைதட்டினார்.

இரண்டாம் வருஷம் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் எங்கள் துறைக்கு ஒரு திட்டம் கொடுத்தது. ஏதாவது ஒரு கிராமத்தில் ஒரு போர் போட்டு, அடிபைப்பு வைத்துக் கொடுப்பார்கள். அதை எங்கே வைப்பது என்று அந்த ஊர் மக்களே கூடி முடிவு செய்ய வேண்டும். அவர்களைக் கூட்டி உட்கார வைப்பது எங்கள் வேலை. அந்த வேலையைச் சிறப்பாகச் செய்கிற ஒரு மாணவருக்கு அந்த நிறுவனமே முழுச் செலவில் ஐரோப்பாவில் ஒரு டிப்ளமா படிப்புக்கு இடம் கொடுக்கும். அதற்கப்புறம் அவர்களிடமே உத்தியோகம். போனால் நான் போவேன், இல்லாவிட்டால் அந்த மெட்ராஸ்காரன் போவான் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு ஊரைப் பிடித்தோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை; அந்தப் பக்கம் எல்லா ஊரும் அந்த ஊர்தான். நிலம் வைத்திருக்கிறவர்கள் கோயிலைச் சுற்றி இருந்தார்கள். அவர்கள் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள் ஓடைக்கு அப்பால், காலனியில் இருந்தார்கள். காலனிக் கிணறு வறண்டு வருஷங்களாகியிருந்தது. தண்ணீருக்கு அவர்கள் போக வேண்டிய இடம் ஊர்ப் பெரியவருடைய தோட்டத்துக் கிணறு. காலனிக்காரர்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

காலனியில் முதல் நாள் எங்களோடு பேசியது ஒரே ஒருத்திதான். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் குழந்தை, தலையில் காலிக் குடம். மற்றவர்கள் எல்லாம் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லி வைத்தார்கள். இவள் மட்டும் நின்று பேசினாள்.

"கெணத்துல நாங்க கையி வெக்கக் கூடாதுங்க. யாராச்சும் வந்து ஊத்தற வரைக்கும் அக்கட்டால நிக்கோணும். அவிக பல்லு வெளக்கி, காப்பி குடிச்சு, கோவதாபம் இல்லாம இருந்தா ஊத்துவாங்க. இல்லீன்னா வெய்யில் ஏறற மட்டும் நிக்கறதுதானுங்க. அப்பறம் காட்டுக்குப் போனா, ஏன்டி இத்தன நேரம்னு அதே பண்ணாடி கூலியப் புடிப்பாருங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். படிப்பில் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க தெருவுல ஒரு அடிபைப்புங்க அம்மிணி. வேறொண்ணும் வேண்டாங்க."

இதற்கு மேல் எதை ஆராய்ச்சி செய்வது? அன்றைக்கே வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பேராசிரியர், "ஒரு தனிநபர் கருத்து சமுதாயத்தின் கருத்து ஆகாது" என்றார். இதைச் சொன்னபோது அவர் பண்ணாடி வீட்டில் இலை போட்டுக் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. "எல்லோரும் வட்டமாக உட்காருங்கள், இங்கே மேல் கீழ் கிடையாது" என்று பேராசிரியர் சொல்லிவிட்டு, பண்ணாடி பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் நின்றார்கள். காலனிக்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றார்கள். கோயில் மைதானத்தில் அவர்கள் கால் வைக்கக் கூடாது. மெட்ராஸ்காரன் இதையெல்லாம் படம் எடுத்தான். எதை எடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கோயில் மைதானத்துலயே போட்டுரலாங்க. பொது எடம். யாருக்கும் தொந்தரவில்ல" என்றார் பண்ணாடி.

காலனிப் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் என்னோடு பேசியவள் மட்டும் புளியமரத்தடியிலிருந்தே, "அந்த எடத்துக்கு நாங்க எப்படீங்க வாரது?" என்று கத்தினாள். கூட்டத்தில் சலசலப்பு. பண்ணாடிக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. கைகூப்பிக் கோயிலைப் பார்த்தார்.

"நாம எதுக்குச் சாமி சண்டை போட்டுக்கோணும்? ஆத்தாளையே பூவாக்குக் கேட்டுருவோம். அவ சொன்ன பக்கம் போட்டுரலாம்."

எங்கள் பக்கத்தில் பூவாக்குக் கேட்காமல் கல்யாணம் கூட நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி தாளில் மடித்து, நூல் கட்டி, சாமி காலடியில் குலுக்கிப் போடுவார்கள். வெள்ளை வந்தால் இது, சிவப்பு வந்தால் அது என்று முன்னாலேயே சொல்லிவைத்துக்கொண்டு, ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். எது வருகிறதோ அதுதான் தெய்வ வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்க மாட்டார்கள். பூசாரி அதை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிடுவார். ஏன் பிரிப்பதில்லை என்று கேட்டால் சாமி குத்தம் என்பார்கள். எனக்குக் காரணம் தெரியும். எங்கள் சின்னத்தாத்தா ஒருவர் மேட்டாங்காட்டை விட்டுக் கிணற்றுக்காட்டைத் தன் பங்காக வாங்கினது இந்த வழியில்தான். பொட்டலம் இரண்டிலும் ஒரே நிறம். கேக்கறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க.

பேராசிரியருக்குப் பூவாக்கு என்றதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பார்த்தீர்களா! சமுதாயத்துக்குள்ளேயே முடிவெடுக்கும் முறை இருக்கிறது! நாம் வெறும் பார்வையாளர்கள்!" என்றார். அந்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரியைப் பூவாக்கு நாளன்று அழைத்து வருவதென்று முடிவாயிற்று. நான் அவரைத் தனியாகப் பிடித்து, "சார், பொட்டலம் கட்டும்போது நாம ஒருத்தர் பக்கத்துல இருக்கோணும்" என்றேன். மக்களின் நம்பிக்கையில் தலையிடுவது மேம்பாட்டுப் பணியாளருக்கு அழகல்ல என்றார். அந்த வாக்கியம் அவர் நோட்ஸிலேயே இருக்கிறது.

வெள்ளைக்காரி நல்லவள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்லவளாக இருந்ததுதான் அவளிடம் இருந்த கோளாறு. எதைப் பார்த்தாலும் சந்தோஷப்பட்டாள். எருமையைப் பார்த்துச் சந்தோஷம், சாணியைப் பார்த்துச் சந்தோஷம், பண்ணாடி போட்ட மாலையைப் பார்த்துச் சந்தோஷம். பொட்டலங்களைப் பூசாரி குலுக்கிப் போட்டதும், பண்ணாடி அவளைப் பார்த்துக் கும்பிட்டு, "அம்மாளே எடுக்கட்டும். எந்தப் பக்கமும் சாராத கையி" என்றார். என்ன மூளை பாருங்கள் அந்த ஆளுக்கு! சமூக அறிவியல் படிக்காமலேயே அவருக்கு எங்கள் பேராசிரியரையும் தெரிந்திருந்தது, ஐரோப்பாவையும் தெரிந்திருந்தது.

வெள்ளை வந்தால் கோயில் மைதானம், சிவப்பு வந்தால் காலனி. அவள் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி. குலவைச் சத்தம். மெட்ராஸ்காரன் மண்டியிட்டுப் படம் எடுத்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்தக் காலனிக்காரி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

பூசாரி இன்னொரு பொட்டலத்தை மடியில் கட்டுவதற்குள் போய்ப் பிடுங்கிவிட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துப் பிரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அதிலும் வெள்ளை அரளிதான்.

வெள்ளைக்காரி என் கையையும் பேராசிரியர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டாள். பேராசிரியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "தெய்வம் இருமுறை சம்மதம் சொல்லியிருக்கிறது, மேடம். இது மிகவும் அபூர்வம்" என்று ஆங்கிலத்தில் அளந்தார். அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

பண்ணாடி என் பக்கம் வந்து, தணிந்த குரலில்தான் பேசினார். "அம்மிணி, நீ நம்ம சனத்துப் புள்ளைதான? சாமி காரியத்துல கையி வெக்கறது உங்கூட்டுப் பழக்கமா? உங்கப்பன் எந்த ஊருன்னு விசாரிச்சுக்கறேன்."

"விசாரிங்க" என்றேன். பயமில்லாமல் இல்லை. ஆனால் வாய் நடுங்கவில்லை. எங்கள் வீட்டில் அது பெண்களுக்கு வாய்த்த வரம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியைப் பேசவே விடவில்லை. திரும்பி வரும் வழியில் பேராசிரியர் வேனில் வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். களப்பணிக்கு லாயக்கில்லாதவள், பண்பாட்டு உணர்வு இல்லாதவள், வெளிநாட்டு விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கியவள். தண்டனையாக, போர் போடுகிற அன்று விழாப் பந்தலில் எனக்கு வேலை கிடையாது என்றார். "நீ இந்தப் பக்கத்துக்காரிதானே? மெயின் ரோட்டில் நின்று ரிக் வண்டிக்காரனுக்கு வழி காட்டு. அது போதும் உனக்கு."

காட்டினேன்.

ரிக் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. முன்னால் ரிக் லாரி, பின்னால் கம்ப்ரசர் லாரி. நான் டீக்கடை முக்கில் நின்று கையைக் காட்டி முன்னால் ஏறிக்கொண்டேன். டிரைவர் பீடியை வெளியே எறிந்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "பாயிண்ட்டு எங்கீங்க?"

நேராகப் போனால் கோயில் மைதானம். அங்கே பந்தல் கட்டி, வாழைமரம் வைத்து, பண்ணாடியும் ஊரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரியை அழைத்து வர பேராசிரியர் காரில் சேலம் போயிருந்தார்.

"இடது பக்கம் திருப்புங்க. ஓடையத் தாண்டி" என்றேன்.

"மைதானம்னாங்க?"

"என்னையத்தான வழி காட்டச் சொல்லியிருக்காங்க?"

"எங்களுக்கென்னங்க, அடிக் கணக்குதான். எங்க போட்டாலும் ஓட்டை ஓட்டைதான்" என்று திருப்பிவிட்டார்.

காலனித் தெருவுக்குள் லாரி நுழைந்ததும் பெண்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். வழி தப்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். அந்தக் குழந்தைக்காரியைக் கூப்பிட்டு, "எங்க வேணும்? சீக்கிரம் சொல்லு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். தெரு நடுவில், பழைய கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வேம்பின் பக்கத்தில் போய்க் காலால் மண்ணைத் தேய்த்து, "இங்கீங்க" என்றாள். ரிக்கை நிமிர்த்தினார்கள். கம்ப்ரசர் உறுமியது.

அந்த உறுமல் கோயில் மைதானத்துக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்டிருக்கிறது. வண்டி வருகிறது என்று நினைத்து மேளக்காரர்களை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேளச் சத்தத்தில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. இப்படியும் ஒரு ஊர்!

குழியிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பிக்கொண்டே இருந்தது. ராடு மேல் ராடு மாட்டினார்கள். மறுபடியும் புழுதி. ரிக் வண்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். தண்ணீர் வராமல் போனால் சாமி குத்தம் என்று ஊரே சொல்லும். இந்த ஜென்மத்தில் இந்தத் தெருவுக்கு இன்னொரு போர் வராது. படிப்பாவது டிப்ளமாவாவது, எல்லாம் அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் வேம்பைப் பிடித்துக்கொண்டு குழியையே பார்த்தாள். புழுதி ஈரமாயிற்று. அப்புறம் சேறு. அப்புறம் சடாரென்று தண்ணீர் ஆள் உயரத்துக்கு எகிறி, நின்றவர்கள் எல்லோரையும் நனைத்தது. பெண்கள் போட்ட கூச்சலில் கம்ப்ரசர் சத்தமே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்தது. சேலத்திலிருந்து வருகிற வழியில் காலனி முதலில், கோயில் அப்புறம். தண்ணீரைப் பார்த்ததும் வெள்ளைக்காரி காரை நிறுத்தச் சொல்லிக் குதித்து ஓடிவந்தாள். தொப்பி விழுந்தது. சேற்றில் நின்று கொண்டு, "நான் தேர்ந்தெடுத்த இடம், என் கையால் தெய்வம் காட்டிய இடம்" என்று அழுதாள். அவளுக்கு என்ன தெரியும்? வெள்ளைக்கு எந்த இடம், சிவப்புக்கு எந்த இடம் என்று பூவாக்கு நாளில் யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர் முள்ளும் மண்ணும் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். கோயில் மைதானத்துக்கும் காலனிக்கும் உள்ள தூரத்தை அவளால் பார்க்க முடியாது.

பண்ணாடி மொபெட்டில் பறந்து வந்தார். வேட்டியெல்லாம் புழுதி. "இந்த எடமில்லீங்! அம்மாளுக்குச் சொல்லுங்க வாத்தியாரே, இது அந்த எடமில்லீங்!" என்று கத்தினார். வெள்ளைக்காரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்ற பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது. இடம் மாறிவிட்டது என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், இரண்டு வெள்ளை அரளி வெளியே வரும். அபூர்வம் என்று அவர் அளந்ததும் வெளியே வரும்.

"எஸ் மேடம்! இதே இடம்தான்!" என்றார்.

அப்புறம் பண்ணாடியின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ. போகிற போக்கில் என் காதருகே, "உன் டிப்ளமாவை மறந்துவிடு" என்றார்.

ஆனால் அன்று போட்டது வெறும் ஓட்டைதான். தண்ணீர் ஏறிவர வேண்டுமென்றால் பைப்பும் கைப்பிடியும் வர வேண்டும். அதை வெள்ளைக்காரி அறிக்கை எழுதி, மேலிடம் ஒத்துக்கொண்ட பிறகுதான் அனுப்புவார்கள். அதுவரைக்கும் யாராவது குழிக்குள் கல்லைப் போட்டு மூடிவிடலாம். எங்கள் பக்கத்தில் பங்காளிச் சண்டையில் அப்படிச் செத்த போர்கள் எத்தனையோ உண்டு. காலனிப் பெண்கள் குழி வாயில் ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துவைத்து, முறை வைத்துக் காவல் உட்கார்ந்தார்கள்.

டிப்ளமாவுக்கான நேர்முகம் சேலத்தில் ஒரு லாட்ஜ் அறையில் நடந்தது. பேராசிரியர் மறந்துவிடு என்றாலும், வெள்ளைக்காரி இருவரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மெட்ராஸ்காரன் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தான். அப்புறம் நான். உள்ளே அவள் மட்டும்தான் இருந்தாள். பேராசிரியர் இல்லாதது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று ஆங்கில வாக்கியங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அவள் மேசைமேல் அறிக்கை பாதி எழுதியபடி கிடந்தது. கைப்பிடிக்கான ஒப்புதல் அதில்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். "இந்த இடத்தை மக்களே, அவர்கள் வழியில் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எங்கள் நிறுவனத்துக்கு மிக முக்கியம். அப்படி நடக்கவில்லை என்றால் நாங்கள் திட்டத்தைத் தொடர மாட்டோம். நீ அன்று இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாயே, ஏன்?"

நெட்டுருப் போட்ட வாக்கியம் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சொல்லியிருந்தால் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பாள். துணிச்சல்காரி என்றும் நினைத்திருப்பாள். ஐரோப்பா எனக்குக் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கைப்பிடி வந்திருக்காது.

"ஒரு அவசரத்துல பண்ணிட்டேன் மேடம். சாமி விஷயத்துல எனக்கு நம்பிக்கை குறைவு. தப்புத்தான். இடத்தை உங்க கையால காட்டினது ஆத்தாதான்" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். முகமெல்லாம் பரிதாபம். "உன் மக்களை நீ மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றாள். என் மக்களை! எனக்கு! அடக்கிக்கொண்டு வெளியே வந்து, லாட்ஜ் மாடிப்படியில் நின்று, எங்கள் ஊரில் எருமையைத் திட்டுகிற வார்த்தைகள் அத்தனையும் சொல்லித் தீர்த்தேன். கீழே சோடாக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

மெட்ராஸ்காரன் போனான். பூவாக்கைப் பற்றி அங்கே கட்டுரை எழுதி, அதில் அந்தப் படத்தையும் போட்டானாம். போகும்போது பேராசிரியர் ஓவர்கோட்டை இரவல் கொடுத்தார். எனக்குச் சான்றிதழில் 'மிதமான ஆர்வம்' என்று எழுதினார். பண்ணாடி சொன்னபடியே விசாரித்து, என் அப்பாவிடம் ஆள் அனுப்பினார். எம்.ஏ. முடிகிறதே என்று அப்பா பேசத் தொடங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம், "கல்லுக்காட்டுல தண்ணி வந்துச்சாமே" என்று மட்டும் கேட்டார்.

கைப்பிடி வந்துவிட்டது என்று தெரிந்து, ஒரு நாள் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். பைப்பைச் சுற்றிக் குடங்கள். அந்தக் குழந்தைக்காரிதான் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வாங்கம்மிணி! சீமைக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. எப்பங்க பயணம்?"

"போகலைங்க."

"ஏனுங்க?"

என்ன சொல்வது? அங்கேயே அழுது தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. "எடம் கெடைக்கல" என்றேன்.

அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிக்காட்டினாள். அது கடகடவென்று ஆடியது.

"அப்ப இங்கதான இருப்பீங்க? இதுல ஒரு போல்ட்டு லூசுங்க. சேலத்துல சொன்னா ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. போனவாட்டி சொன்னதுக்கு, எழுதிக் குடுன்னாங்க. நீங்க ஒரு ஸ்பானர் கொண்டாந்தீங்கன்னா, நானே முடுக்கிக்கறேனுங்க."

அடுத்த பஸ்ஸில் திருச்செங்கோடு போய் ஸ்பானர் வாங்கி வந்தேன்.